நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, வணக்கம். இந்த வாரம் நேர்முகத் தேர்வு இருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றுதான் பெரும்பாலும் தொடங்குவார்கள். பிறந்தது முதல் படித்தது வரை ஒப்பிக்க வேண்டாம். இப்போது என்ன செய்கிறீர்கள், எதைச் செய்து முடித்திருக்கிறீர்கள், இந்த வேலையை ஏன் விரும்புகிறீர்கள் என்று 2 நிமிடத்துக்குள் சொல்லி நிறுத்துங்கள். முன்னதாகக் கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். நம் குரலை நாமே கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் எங்கே அவசரப்படுகிறோம், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம் என்பது அப்போதுதான் காதில் விழும்.

"கடினமாக உழைப்பேன்" என்று பொதுவாகச் சொன்னால் யார் மனத்திலும் நிற்காது. நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்: என்ன சிக்கல் வந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவில் என்ன ஆனது. அதில் 'நாங்கள்' செய்தது எது, 'நான்' செய்தது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். பலரும் தவறவிடும் இடம் இதுதான்.

விடை தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லலாம். சமாளிக்கப் பார்த்தால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம்.

காணொளித் தேர்வு என்றால் ஒலிவாங்கியை முந்தைய நாளே சோதித்துவிடுங்கள்.

ஒத்திகை வேண்டுவோர் இன்றிரவுக்குள் இங்கே பெயரைப் பதியுங்கள். நானே கேள்வி கேட்கிறேன்.