யப்பானுக்கு வெளிக்கிடும் பிள்ளைகளின் வீட்டாருக்கு

அன்புள்ள அம்மா, அப்பாமாருக்கும் பிள்ளையைத் தூக்கி வளர்த்த அம்மம்மா, அப்பம்மாமாருக்கும் வணக்கம்.

பங்குனிக் கடைசியில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூன்று பேர் பரிமாற்றத் திட்டத்தில் யப்பானுக்குப் போகிறார்கள். அங்கே பள்ளிக்கூடம் ஏப்ரலில்தான் தொடங்கும். பத்து மாதமும் விடுதியில் இல்லை, அந்த ஊர்க் குடும்பமொன்றின் வீட்டில் தங்கித்தான் படிப்பு. விசா, ரிக்கெற் பற்றியெல்லாம் போன கூட்டத்தில் கதைத்துவிட்டோம். கூட்டம் கலைந்த பிறகு ஒரு அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "சேர், ஆரெண்டு தெரியாத சனத்தின்ர வீட்டில என்ர பிள்ளை எப்பிடி இருக்கும்?" என்று கேட்டா. அந்த இடத்தில் நின்றபடி என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆரெண்டு தெரியாதவர்களின் வீட்டில் இருப்பது வன்னியில் எங்களுக்குப் புதிதில்லை. இருந்திருக்கிறோம், வைத்தும் இருக்கிறோம். 1996இல் சண்டையால் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, கிளாலிக் கடலைத் தாண்டி நாங்கள் இந்தப் பக்கம் வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. தருமபுரத்தில் ஒரு வீட்டுக்காரர் அறை ஒன்றும் குசினியில் ஒரு பக்கமும் தந்தார்கள். சொந்தமில்லை, முன்பின் அறிமுகமும் இல்லை. தங்கமான சனம், ஆனாலும் அந்த வீட்டில் கையை எங்கே வைப்பது காலை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாது. அவர்கள் எல்லோரும் குளித்து முடியட்டும் என்று மத்தியானம் வரை கிணற்றடிக்குப் போகமாட்டேன், பசித்தாலும் பசியில்லை என்பேன், திண்ணை நுனியில் புத்தகத்தை விரித்தபடி இருப்பேன். மூன்றாம் கிழமை என்று நினைக்கிறேன், அந்த வீட்டு ஆச்சி ஒரு நாள் விடிய வந்து கையில் வாளியைத் தந்து, "தம்பி, மாட்டுக்குத் தண்ணி வை, நான் கோயிலடிக்குப் போட்டு வாறன்" என்றா. அவ்வளவுதான். அன்று மத்தியானம் நானாகவே கேட்டு இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

உங்கள் பிள்ளைக்கு யாராவது அந்த வாளியைத் தரும்வரை காத்திருக்க வேண்டாம், அவனோ அவளோ போய்க் கேட்டு வாங்கட்டும். வந்த முதற்கிழமையே "நான் என்ன செய்ய?" என்று கேட்கிற பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளையாகிவிடும். விருந்தாளி மாதிரி அறைக்குள் போனோடு இருக்கிற பிள்ளைக்குப் பத்து மாதமும் விருந்தாளிச் சீவியம்தான். ஆகவே இன்றைக்கே வீட்டில் தொடங்குங்கள். சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைக்கவும், தன் உடுப்பைத் தானே தோய்த்து மடிக்கவும், படுத்த பாயைத் தானே சுருட்டவும் பழக்குங்கள். குப்பையையும் வகை பிரித்துப் போடப் பழக்குங்கள், அங்கே எரிக்கிற குப்பைக்கு ஒரு நாள், போத்தலுக்கு வேறொரு நாள் என்று கணக்கு இருக்கிறது. ஆம்பிளைப் பிள்ளைகளின் அம்மாமார் இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசியுங்கள், தயவுசெய்து.

அங்கே உள்ளவர்கள் பிழை என்றாலும் முகத்துக்கு நேரே சொல்வது குறைவு. முன்பு அங்கே போய் வந்த பிள்ளை ஒருத்தி எனக்குச் சொன்ன கதை இது. யப்பான் வீடுகளில் தொட்டியில் சுடுதண்ணி நிரப்பி வைப்பார்கள். வெளியில் இருந்து சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி ஊற்றிய பிறகுதான் தொட்டிக்குள் இறங்குவது, அதே தண்ணியில்தான் வீட்டிலுள்ள எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். கிணற்றில் அள்ளிக் குளித்து வளர்ந்த எங்கள் பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? முதல் நாளே அவளை முதல் ஆளாகக் குளிக்க விட்டிருக்கிறார்கள், அது அவளுக்குச் செய்த மரியாதை. அவள் குளித்து முடித்து, அழுக்குத் தண்ணியை விட்டுப் போகக்கூடாதே என்று அடைப்பைப் பிடுங்கிவிட்டாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அந்த அம்மா பேசாமல் திரும்ப நிரப்பினா. இப்படி நாலு நாள். ஐந்தாம் நாள் அந்த வீட்டுச் சின்னப் பெடியன் சொல்லித்தான் அவளுக்கு விளங்கியது, அன்றிரவு அழுதாளாம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் எல்லாம் சரி என்று நினைக்காமல், எதையும் முதலே கேட்கச் சொல்லுங்கள்.

செருப்பை வாசலில் கழற்றுவது எங்களுக்குப் பழக்கம், அதில் கவலையில்லை. கழிப்பறைக்கு என்று தனிச் செருப்பு இருக்கும், அதோடு வீட்டுக்குள் வரக்கூடாது. சாப்பிடும் குச்சிகளைச் சோற்றில் நட்டு வைக்கக்கூடாது, அது செத்தவருக்குப் படைக்கிற முறை. ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்குச் சாப்பாடு மாற்றுவதும் கூடாது. தகனம் முடிந்து எலும்பு பொறுக்கும்போதுதான் அப்படிச் செய்வார்கள். காடாத்து என்றால் என்ன என்று தெரிந்த எங்கள் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

சாப்பாட்டு விஷயத்தில் வெட்கப்படாமல் எழுதுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாத பிள்ளை என்றால் அதைப் படிவத்தில் போடுங்கள். முழு மரக்கறி என்றால் அது மட்டும் போதாது, மீன் அவித்த தண்ணியும் வேண்டாம் என்று எழுதவேண்டும், ஏனென்றால் அங்கே சூப்பிலிருந்து கறி வரைக்கும் அடியில் அந்தச் சாறுதான். அப்புறம், மாம்பழமோ இறைச்சிப் பொரியலோ பையில் கட்டிவிட வேண்டாம், விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். அந்த வீட்டுக்குப் பரிசாகப் பனையோலைப் பெட்டி ஒன்று போதும்.

இனி, தொலைபேசி. யப்பான் எங்களை விட மூன்றரை மணித்தியாலம் முன்னுக்கு. நீங்கள் வேலை முடிந்து, சமைத்து, இரவு எட்டு மணிக்கு ஆறுதலாக எடுத்தால் அங்கே பதினொன்றரை, அந்த வீடு நித்திரை. ஞாயிறு பின்னேரம் ஒரு தரம் எடுங்கள். தினமும் வீடியோவில் முகம் பார்த்தால் பிள்ளையின் உடம்பு அங்கேயும் மனம் இங்கேயுமாகத்தான் இருக்கும். இரண்டாம் மாதமளவில் "அம்மா, எனக்கு ஏலாது" என்று ஒரு அழைப்பு வரும், போய் வந்த பிள்ளைகள் எல்லோருமே அப்படி எடுத்திருக்கிறார்கள். உடனே "வா மோனே" என்று சொல்லிவிடாமல், இரண்டு கிழமை பொறுங்கள். ஆனால் யாராவது தொட்டார்கள், மிரட்டினார்கள், சாப்பாடு தரவில்லை என்றால் அது வேறு கதை. அப்போது நேரம் பார்க்காமல் எனக்கு எடுங்கள், நடுச்சாமம் என்றாலும் எடுங்கள்.

பிள்ளை அந்த வீட்டு அம்மாவை 'ஓகாசான்' என்று கூப்பிடும், அம்மா என்றுதான் பொருள். அதைக் கேட்டு ஒருவரும் மனம் நோகவேண்டாம், உங்கள் இடம் உங்களுக்குத்தான். இன்னொரு சொல்லும் படிப்பிப்போம். காலையில் வெளிக்கிடும்போது 'இத்தே கிமாஸ்' என்பார்கள், 'போய் வருகிறேன்' என்று அர்த்தம், எங்கள் 'போட்டு வாறன்' அப்படியே. 'போறன்' என்று மொட்டையாகச் சொன்னால் எங்கள் ஆச்சிமார் ஏசுவார்களே, அதே ஆச்சிமார் அங்கேயும் இருந்திருக்கிறார்கள்.

வருகிற சனி காலை ஒன்பது மணிக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். படிவத்தில் சாப்பாட்டுப் பகுதியை நிரப்பாமல் கொண்டுவாருங்கள், பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து சேர்ந்து நிரப்புவோம்.

அன்புடன்,
அதிபர்