யார் பணம், எதற்காகத் தருகிறார்கள்

அன்புள்ள கண்ணம்மா,

உன் எழுத்து வேலைக்குப் பண உதவி தேடி நீ அனுப்பிய பட்டியலை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஃபெலோஷிப் (கலைஞருக்குத் தரும் உதவித்தொகை), ரெசிடென்சி (போய்த் தங்கி வேலை செய்யும் இடம்), நல்கை (ஒரு வேலைக்கென்று தரும் பணம்) என்று இவ்வளவு தேடிச் சேர்த்ததற்கே உனக்கு ஒரு நல்கை தரலாம். ஆனால் கணக்கு எழுதிப் பிழைத்தவன் கண்ணுக்கு ஒரு குறை உடனே தெரிந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தொகை இருக்கிறது, கடைசித் தேதி இருக்கிறது. கொடுப்பவர் யார், எதற்காகக் கொடுக்கிறார் என்று எங்கும் இல்லை. அதற்கு ஒரு கட்டம் போட்டு முதலில் நிரப்பு. நிரப்பும்போதே பல பெயர்கள் தானாகக் கழன்றுவிடும்.

நான் வேலை பார்த்த அறக்கட்டளை கலைஞர்களுக்குப் பணம் கொடுத்துவந்தது உனக்குத் தெரியும். தேர்வுக் குழு கூடும்போது நிதியில் மிச்சம் எவ்வளவு என்று சொல்வதற்காக எனக்கும் மூலையில் ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். கலையைப் பற்றி அங்கே நான் வாய் திறந்ததில்லை, காதை மட்டும் திறந்து வைத்திருந்தேன். மோசமான விண்ணப்பம் தள்ளுபடியாவதில் வியப்பில்லை. நல்ல விண்ணப்பங்கள் தள்ளுபடியானபோது திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது ஒரே வாக்கியம்தான்: "நல்லாத்தான் இருக்கு, ஆனா நாம இதுக்குக் கொடுக்கறதில்லையே." அந்த வாக்கியத்தை நீ வீட்டில் இருந்தபடியே முன்கூட்டிக் கேட்டுவிட முடியும். நிதி எப்படிப் பிறந்தது என்று படித்தால் போதும்.

உன் பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் குகன்ஹைம் ஃபெலோஷிப்பையே எடுத்துக்கொள். சைமன் குகன்ஹைமும் ஓல்காவும் 1922இல் ஜான் சைமன் என்ற தங்கள் மகனை இழந்தார்கள். அவன் பெயரில் 1925இல் தொடங்கியது அது. ஏற்கெனவே குறிப்பிடும்படி வேலை செய்து காட்டியவர்களுக்கு, அடுத்த வேலைக்கான கால அவகாசமாகத் தருகிறார்கள். இப்போது அமெரிக்கா, கனடா நாடுகளின் குடிமக்களும் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களும்தான் விண்ணப்பிக்கலாம். நீ இரண்டிலும் சேர்த்தி இல்லை. அடித்துவிடு.

யாடோ என்ற ரெசிடென்சியின் கதையும் இப்படிப்பட்டதுதான். நியூயார்க் மாநிலத்தில் சரடோகா ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் இருக்கிறது. ஸ்பென்சர் டிராஸ்க், கத்ரீனா என்ற தம்பதிக்கு நான்கு பிள்ளைகள். நான்கும் சின்ன வயதிலேயே போய்விட்டன. தங்களுக்குப் பிறகு அந்தப் பெரிய வீடும் தோட்டமும் கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்வதற்கு என்று 1900இல் ஏற்பாடு செய்தார்கள். முதல் விருந்தினர்கள் வந்தது 1926இல், அப்போது அவர்கள் இருவருமே இல்லை. ஒரு தகப்பனாக இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு என்னவோ செய்கிறது. அது கிடக்கட்டும். உனக்கு வேண்டிய செய்தி என்னவென்றால், இது வீட்டுக்கு வந்து தங்கச் சொல்கிற அழைப்பு. படுக்க இடம், சாப்பாடு, யாரும் கதவைத் தட்டாத நேரம் ஆகியவைதான் அவர்கள் தருபவை. இங்கே போய்க் கள ஆய்வுக்குப் பணம் கேட்பதில் பொருளில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், இது உன் மொழிபெயர்ப்பாளத் தோழிக்கும் உதவும். பென் அமெரிக்கா என்ற எழுத்தாளர் அமைப்பு ஆங்கில மொழிபெயர்ப்புகளுக்கு ஒரு நல்கை தருகிறது. 2003இல் ஒருவர் தன் பெயரை வெளியிடக் கூடாது என்று சொல்லி 7 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்துத் தொடங்கிவைத்தார். 2012இல் அவர் இறந்த பிறகுதான் அவர் மைக்கேல் ஹென்றி ஹைம் என்ற மொழிபெயர்ப்பாளர் என்று வெளியே தெரிந்தது. இரண்டாம் உலகப் போரில் ராணுவச் சேவையில் அவருடைய தந்தை இறந்தபோது குடும்பத்துக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்திலிருந்து பெருகியதாம் அது. அதைச் செலவழிக்காமல் வளர்த்து, மொழிபெயர்ப்புக்குக் கொடுத்துவிட்டார். இதில் விண்ணப்பிக்க வேண்டியவர் மொழிபெயர்ப்பாளர், மூல ஆசிரியர் இல்லை. உன் கதைகளை அவள் ஆங்கிலத்தில் கொண்டுவர ஆசைப்படுகிறாள் என்றாயே, அவளை எழுதச் சொல். கிடைத்தால் உன் கதைகளும் கூடவே பயணப்படும்.

எல்லாப் பணமும் துக்கத்திலிருந்தோ அன்பிலிருந்தோ வருவதில்லை. 1666இல் பதினான்காம் லூயி மன்னர் ரோம் நகரில் பிரெஞ்சு அகாதெமியைத் தொடங்கியபோது, அங்கே தங்கிய இளம் கலைஞர்கள் பழைய ரோமானியச் சிற்பங்களைப் பார்த்துப் படியெடுத்து மன்னருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. சுவர் எழும்பித் தனித்துப்போன மேற்கு பெர்லினுக்கு வெளிநாட்டுக் கலைஞர்களை வரவழைக்க ஃபோர்டு அறக்கட்டளை 1963இல் தொடங்கியதுதான் இன்று ஜெர்மனியின் டாட் (DAAD) என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு நடத்தும் கலைஞர் திட்டம். அரசியல் நோக்கம் இருப்பதாலேயே ஒரு திட்டம் கெட்டதாகிவிடாது. அங்கே போனவர்கள் நல்ல வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் போகிறவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, தேடுவதற்கு வருகிறேன். ரெசிடென்சிகளுக்கு ரெஸ் ஆர்ட்டிஸ், டிரான்ஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற இணையதளங்கள் இரண்டும் நல்ல தொடக்கம், பல நாடுகளில் உள்ள இடங்களைத் திரட்டி வைத்திருக்கிறார்கள். பயணச் செலவுக்கு யார் தருவார்கள் என்று தேடுவதற்கு ஆன் தி மூவ் என்ற தளம் இருக்கிறது. எழுத்தாளர்களுக்கு மட்டும் என்றால் போயட்ஸ் அண்ட் ரைட்டர்ஸ் பத்திரிகையின் தரவுத்தளம். இவற்றை நீ ஏற்கெனவே பார்த்திருப்பாய். எல்லாரும் பார்ப்பார்கள், அதுதான் சிக்கல். இந்தப் பட்டியல்களில் இருந்து மட்டும் தேடினால் உலகமே நிற்கும் வரிசையில் போய் நிற்பாய்.

புத்தகங்களின் நன்றியுரைப் பக்கத்தைப் படி. உன்னைவிட ஒரு புத்தகம், இரண்டு புத்தகம் முன்னே இருக்கிறவர்களாகப் பார்த்து எடு. அவர்கள் எங்கே தங்கி எழுதினார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்று நன்றி சொல்லியிருப்பார்கள். ஓவியர்கள் என்றால் கண்காட்சிக் கையேட்டின் கடைசியில் இருக்கும் தன்விவரக் குறிப்பு. உலகப் புகழ் பெற்றவர்களின் குறிப்பால் பயனில்லை, அவர்களுக்கு எந்தக் கதவும் திறக்கும். உன் வகையான வேலையை, உன் வயதில், உன்னைப் போல ஆங்கிலம் அல்லாத மொழியில் செய்கிறவருக்கு ஒரு நிதி கொடுத்திருந்தால், அது உனக்கும் கொடுக்கக்கூடிய நிதி. அடுத்து அந்த நிதியின் கடந்த ஐந்தாறு ஆண்டுத் தேர்வுப் பட்டியலைப் பார். விதிமுறையில் "எல்லா வகை எழுத்தும் வரவேற்கப்படும்" என்று இருக்கும். தேர்வானவர்கள் எல்லாரும் நாவலாசிரியர்களாக இருப்பார்கள். எனக்கு விதிமுறையைவிடப் பட்டியல் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

விண்ணப்பிக்கவே முடியாதவற்றையும் சேர்த்திருக்கிறாய். மெக்ஆர்தர் ஃபெலோஷிப் 5 ஆண்டுகளில் 8 லட்சம் டாலர், நிபந்தனை எதுவும் கிடையாது. உண்மைதான். ஆனால் அதற்கு விண்ணப்பமும் கிடையாது. ரகசியமாகப் பரிந்துரைக்கிறவர்கள் இருக்கிறார்கள், தேர்வானவருக்கே தொலைபேசி வந்த பிறகுதான் தெரியும். இத்தாலியின் சிவிதெல்லா ரனியேரி என்ற ரெசிடென்சியும் பரிந்துரை வழியாகத்தான். அயோவா பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு (1967இல் தொடங்கியது, நம் அசோகமித்திரன் 1973இல் போய் வந்தது) 2025க்கு முன்பு வரை பெரும்பாலும் அந்தந்த நாட்டு அமெரிக்கத் தூதரகம் வழியாகத்தான் பெயர் போனது. ஆகவே அங்கே நிரப்பப் படிவம் தேடாதே. இப்போது பெயர் எப்படிப் போகிறது என்று அந்தத் திட்டத்தினரிடமே விசாரி.

இதற்கு நேர்மாறாக, கதவு குறுகலாக இருப்பதாலேயே உள்ளே கூட்டம் குறைவாக இருக்கும் இடங்களும் உண்டு. அமெரிக்காவின் வடமேற்கில் ஒரு தீவில் இருக்கும் ஹெட்ஜ்புரூக் பெண் எழுத்தாளர்களுக்கானது, ஆளுக்கு ஒரு குடில். ஓவியர் அடால்ஃப் காட்லீப் பெயரில் இருக்கும் நிதி, குறைந்தது 20 ஆண்டுகள் முதிர்ச்சியோடு வேலை செய்த ஓவியர், சிற்பி, அச்சுக்கலைஞர்களுக்குத்தான் கொடுக்கும். இது உனக்கு ஆகாது, உன் ஓவிய ஆசிரியருக்குச் சொல். அவரைப் போன்றவர்களுக்கு வயதாகிவிட்டது என்ற எண்ணத்திலேயே இப்படிப்பட்டவை கண்ணில் படுவதில்லை.

இனி என் துறை. தொகையைப் பார்த்து மயங்காதே. பணம் எப்போது கைக்கு வரும் என்று பார். முன்பணமாகத் தருகிறார்களா, நீ செலவழித்து ரசீது கொடுத்த பிறகு தருகிறார்களா? இரண்டாவது வகை என்றால், விமானச் சீட்டு வாங்கப் பணம் இருப்பவர்களுக்கான உதவித்தொகை அது. என்ன சொல்லியும் அதை நான் உதவி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். வரி பிடிப்பதற்கு முந்தைய தொகையா, பிந்தையதா? சில நாடுகள் வெளிநாட்டவருக்குத் தரும் நல்கையில் அங்கேயே வரி பிடித்துக்கொள்ளும். விசாக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் யார் பொறுப்பு? நீ போயிருக்கும் மாதங்களில் இங்கே உன் வீட்டு வாடகை நிற்காது, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பாய்? இலவச ரெசிடென்சி ஒன்றுக்குப் போய்க் கடனோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

கட்டணத்திலும் இரண்டு வகை உண்டு. விண்ணப்பத்தைப் படிப்பதற்கு ஒரு சிறு தொகை கேட்பது வழக்கம்தான். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் மெக்டவல் ரெசிடென்சி கூட வாங்குகிறது. இசையமைப்பாளர் எட்வர்ட் மெக்டவலும் அவர் மனைவி மரியனும் 1907இல் தொடங்கிய இடம். அங்கே தேர்வாகிவிட்டால் தங்குவதற்குக் காசு கிடையாது. மதியச் சாப்பாட்டைக் கூடையில் வைத்து வேலை செய்யும் குடிலின் வாசலில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவார்கள், தேவைப்படுவோருக்குப் பண உதவியும் உண்டு. இன்னொரு வகை, "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், வாழ்த்துகள்" என்று கடிதம் அனுப்பிவிட்டு மாதத்துக்கு இவ்வளவு கட்டுங்கள் என்பார்கள். அதில் சில நேர்மையாகவே நடத்தப்படும் விடுதிகள், முதலிலேயே கட்டணத்தைச் சொல்லிவிடுவார்கள். தேர்வான பிறகு சொல்கிறவர்களிடம் பேச்சை வளர்க்காதே.

பதிலுக்கு என்ன கேட்கிறார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கு. ஒரு வகுப்பு எடுக்கச் சொல்வார்கள், ஒரு வாசிப்பு, ஒரு படைப்பை விட்டுப்போகச் சொல்வார்கள். வகுப்பு சரி. படைப்பு அவர்களுக்கே சொந்தம், பதிப்புரிமையும் சேர்த்து என்று இருந்தால் அதற்குப் பெயர் நல்கை இல்லை, குறைந்த விலைக்கு வாங்குவது. கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்பு.

விண்ணப்பத்தைப் பற்றி ஒன்றிரண்டு மட்டும். குழுவில் முதலில் புரட்டுவது உன் படைப்பு மாதிரியைத்தான், திட்ட விளக்கத்தை அல்ல. மாதிரியின் முதல் இரண்டு பக்கம் நிற்கவில்லை என்றால் விளக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மேசைக்கு வராது. ஆகவே நாவலின் முதல் அத்தியாயத்தைத்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதே, எது நன்றாக இருக்கிறதோ அதை வை. ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்டால் அவசரமாகச் செய்து அனுப்பாதே. அங்கே படிக்கிறவருக்கு மொழிபெயர்ப்புதான் உன் எழுத்து. உன் தோழிக்கு அதற்கான கூலியைக் கொடுத்துவிடு, சிநேகிதம் வேறு, வேலை வேறு.

திட்ட விளக்கத்தில் "மனித இருப்பின் சிக்கல்களை ஆராய்கிறேன்" என்று எழுதாதே. எத்தனை பேர் அப்படி எழுதுவார்கள் தெரியுமா? எந்த ஊர், எந்த ஆண்டு, யாருடைய கதை, எவ்வளவு எழுதி முடித்திருக்கிறாய், இந்த இரண்டு மாதத்தில் எந்தப் பகுதியை முடிப்பாய் என்று எழுது. வரவு செலவுத் திட்டம் கேட்டால் கூச்சப்பட்டுக் குறைத்துப் போடாதே. குறைவாகப் போட்டால் சிக்கனமானவள் என்று நினைக்க மாட்டார்கள், கணக்குத் தெரியாதவள் என்று நினைப்பார்கள். உன் உழைப்புக்கும் அதில் ஒரு தொகை போடு. விதிகள் அனுமதித்தால் மட்டும். ஓவியர், சிற்பிகளுக்கு நல்கை தரும் பொல்லாக்-கிராஸ்னர் அறக்கட்டளை மாதிரி சில இடங்களில் பழைய கடனை அடைக்கத் தர மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுவார்கள்.

பரிந்துரைக் கடிதம் எழுதித் தருபவர்களிடம் ஒரு மாதம் முன்பே கேள். பெரிய பெயரைவிட உன் வேலையைப் படித்தவர் முக்கியம். உன் விளக்கத்தின் நகலையும் கூடவே கொடு, அவர் வேறு ஏதோ புத்தகத்தைப் பற்றி எழுதிவிடப் போகிறார்.

மறுப்புக் கடிதம் வரும். நிறைய வரும். அதைப் பற்றி அம்மா உன்னிடம் பேசுவாள், அவளுக்கு அது நன்றாக வரும். நான் சொல்வது, மறுபடியும் விண்ணப்பிக்கலாமா என்று விதியில் பார். குழு ஆண்டுக்கு ஆண்டு மாறும் இடங்களில் அதே படைப்பு மாதிரியைக் கொஞ்சம் திருத்தி மறுபடி அனுப்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று, மறந்துவிடப் போகிறேன். உன் பாஸ்போர்ட் எந்த ஆண்டு முடிகிறது? திரும்பும் தேதிக்குப் பிறகும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. தேர்வான பிறகு புதுப்பிக்க ஓடாதே, இந்த வாரமே எடுத்துப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா