நாய்க்கு அரிப்பா? முதலில் இடத்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாய்க்குத் தோலில் அரிப்பு வந்தால் மருந்து ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினால் போதும் என்று தங்கள் வீட்டுக்குறிப்புப் பகுதியில் வந்திருந்தது. ஷாம்பு தப்பில்லை. ஆனால் நாய் எந்த இடத்தைச் சொறிகிறது என்று பார்க்காமல் எந்தப் புட்டியைத் திறந்தும் பயனில்லை.

வாலடி, இடுப்பு, பின்தொடை என்று பின்பக்கத்தையே கடித்துக்கொண்டிருந்தால் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி மீதுதான். பூச்சி கண்ணில் படவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும். பேன் சீப்பால் வாலடியை வாரி, உதிரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் போட்டுப் பாருங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது பூச்சியின் எச்சம்; செரித்த ரத்தம். வெறும் மண் அப்படி நிறம் விடாது. பாதம், அக்குள், அடிவயிறு என்று நக்கிக்கொண்டே இருந்தால் வேறு ஏதோ ஒவ்வாமையாக இருக்கலாம். காதுமடல் ஓரமும் முழங்கையும் பொருக்குத் தட்டி, வீட்டில் உள்ளவர்களுக்கும் அரித்தால் சிரங்கு. வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரையாக இருக்கலாம். இவை இரண்டும் மனிதருக்கும் ஒட்டும். கைவைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் போய்விடுவது நல்லது.

இனி குளியல். வெந்நீர் அரிப்பைக் கூட்டும். கை பொறுக்கும் இளஞ்சூடே அதிகபட்சம். மனிதர் ஷாம்பு வேண்டாம், நாயின் தோலுக்கு அதன் அமிலத்தன்மை ஒத்துவராது. பிசுபிசுப்பும் வாடையும் இருந்தால் 2 முதல் 4 சதவீதம் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி உள்ள நாய் ஷாம்பு. நுரை தோலில் 10 நிமிடம் இருக்க வேண்டும், கடிகாரம் பார்த்து! பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். இரண்டே நிமிடத்தில் அலசிவிட்டு மருந்தைக் குறை சொல்வது. பிறகு நுரை துளியும் மிஞ்சாமல் அலசுங்கள், மிஞ்சினால் அதுவே அரிக்கும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, விரல் இடுக்குகளையும் உலர்த்துங்கள்.

திடீரெனச் சிவந்து நீர் கசியும் புண் என்றால் சுற்றிலும் முடியைக் கத்தரித்துக் காற்றுப் படவிட வேண்டும். முடி மூடிக்கிடந்தால் அடியில் சீழ் கட்டும். 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கரைசல் (ஷாம்பு அல்ல) ஒரு பங்குக்கு 39 பங்கு தண்ணீர் கலந்தால் 0.05 சதவீதம் வரும். அதில் பஞ்சை நனைத்து நாளுக்கு இரண்டு மூன்று முறை ஒற்றினால் போதும். கட்டுப் போடாதீர்கள். புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு மூக்கு நுனியைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் நாக்கு எட்டிவிடும். தொட்டாலே நாய் சீறினாலோ, ஒரே நாளில் புண் படர்ந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. முகம் வீங்கினால் அன்றே, அப்போதே மருத்துவர்.

அலமாரியில் இருக்கும் மனிதர் களிம்புகளைத் தொட வேண்டாம். தடவியதை எல்லாம் நாய் நக்கிவிடும். துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பு வயிற்றைக் கெடுக்கும், ரத்தச் சிவப்பணுக்களையும் அழிக்கக்கூடும். சொரியாசிஸுக்கான கால்சிபோட்ரையால் களிம்பு கொஞ்சம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. தேயிலை மர எண்ணெயும் நஞ்சுதான்.

தெள்ளுப்பூச்சி உறுதியானால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பலனில்லை. முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் படுக்கையிலும் தரை இடுக்கிலும்தான் கிடக்கின்றன. கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும் என்பதால், வீட்டு விலங்குகள் அனைத்துக்கும் குறைந்தது மூன்று மாதம் விடாமல் மருந்து வேண்டும். படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். சொட்டு மருந்தை முடியை வகிர்ந்து தோலில் விடுங்கள். அதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளியல் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்தை வாங்கவே வேண்டாம், அது பூனையைக் கொன்றுவிடும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்