வறண்ட பருவத்துத் திராட்சையைச் சர்க்கரையால் மட்டும் அளக்காதீர்கள்

ஒயின் தயாரிக்கத் திராட்சை கொள்முதல் செய்யும் ஆலைகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மழை பொய்த்த பருவத்திலும் வழக்கமான அளவுகோலையே கையில் வைத்துக்கொண்டு, சாற்றின் சர்க்கரையைக் காட்டும் பிரிக்ஸ் அளவு 24-ஐத் தொட்டதும் அறுவடைக்கு நாள் குறித்துவிடுகிறீர்கள். இந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று, பல ஆண்டுகளாகக் கொடிகளோடு பழகியவன் என்ற உரிமையில் கேட்டுக்கொள்கிறேன்.

வறட்சி எந்தக் கட்டத்தில் வந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காய் பிடித்த தொடக்க வாரங்களில் ஈரம் குறைந்தால் பழத்தின் செல்கள் போதிய அளவு விரிவதில்லை. பிறகு நீர் கிடைத்தாலும் பழம் தன் முழுப் பருமனை எட்டுவதில்லை. சிறுத்த பழத்தில் சாற்றைவிடத் தோலின் பங்கு கூடுவதால், கருந்திராட்சையில் நிறமும் துவர்ப்பும் செறிகின்றன. காற்றில் ஈரம் குறைவதால் அடிச்சாம்பல் நோயும் குலையழுகலும் அடங்கியிருக்கின்றன. அளவான வறட்சி ஒயினுக்கு நல்லது என்று நீங்கள் சொல்வதை இந்த அளவில் நானும் ஏற்கிறேன்.

ஆனால் பழம் நிறம் மாறிய பின் வரும் கடும் வறட்சி அப்படிப்பட்டதன்று. நீரிழப்பைத் தடுக்க இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும்போது சர்க்கரை உற்பத்தியும் தளர்ந்துபோகிறது. அடியிலைகள் மஞ்சளாகி உதிர, நிழலிழந்த குலைகள் வெயிலில் வெந்து பழுப்பேறுகின்றன. அந்த நிலையிலும் பிரிக்ஸ் ஏறினால், பெரும்பாலும் பழத்தின் நீர் வற்றியதே அதற்குக் காரணம். அப்படி 25 பிரிக்ஸ் காட்டிய ஒரு பழத்தைப் பிதுக்கிப் பார்த்தேன்: விதையில் இன்னும் பச்சை நிறம் போகவில்லை, கடித்தபோது துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடித்தது. வெப்பமும் சேர்ந்துகொண்டால் பழத்துக்குப் புளிப்பு தரும் மாலிக் அமிலம் விரைவாகச் சிதைந்து, சாற்றின் புளிப்பு தட்டையாகிவிடுகிறது. உலர்ந்த மண்ணிலிருந்து வேரால் நைட்ரஜனை எடுக்க இயலாததால், சாற்றிலும் அது குறைந்து, சாற்றை ஒயினாக்கும் ஈஸ்ட் உணவின்றித் தவித்து நொதித்தல் பாதியில் நின்றுபோகவும் கூடும்.

எனவே நாள் குறிக்கும் முன் அமிலத்தையும் நைட்ரஜனையும் சோதியுங்கள்; விதையையும் தோலையும் மென்று பாருங்கள். ஆழ வேரோடிய முதிய கொடிகளையும் மேல்மண்ணை நம்பி நிற்கும் இளங்கொடிகளையும் ஒரே நாளில் அறுக்கச் சொல்லாதீர்கள்.

விலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழம் சிறுத்ததால் உங்கள் தொட்டிக்கு நிறம் கூடுகிறது, எங்களுக்கோ எடை குறைகிறது. எடைக்கு மட்டுமே பணம் தருவது நியாயமாகாது. அடுத்த ஆண்டின் பூங்கொத்துகள் இந்த ஆண்டு பூக்கும் காலத்தையொட்டியே மொட்டுக்குள் உருவாகத் தொடங்கிவிடுவதால், இழப்பு ஒரு பருவத்தோடு முடிவதுமில்லை. கவாத்துக்கு முன் சில மொட்டுகளை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே எத்தனை பூங்கொத்துகள் இருக்கின்றன என்பது தெரியும். அதைப் பார்த்த பிறகு, அடுத்த ஒப்பந்தத்தில் நாங்கள் தர வேண்டிய எடையை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒயின் திராட்சை பயிரிடுவோரில் ஒருவன்