கேஸ் நிரப்பும் முன், ஆயில் ஊற்றும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "ஏசிக்கு கேஸ் மட்டும் அடிச்சு விடுங்க." "ஸ்டீயரிங் ஆயில் குறைஞ்சிருக்கு, கொஞ்சம் ஊத்திக் குடுங்க." எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் அடிக்கடி கேட்பவை இவை. இரண்டுக்குமே நாங்கள் உடனே சரி சொல்வதில்லை. வண்டியை முதலில் பார்த்துவிடுகிறோம் என்கிறோம். பத்து நிமிட வேலைக்கு அரை நாள் வண்டியை வாங்கி வைக்கிறார்களே என்று உங்களில் சிலருக்கு வருத்தம் இருப்பது தெரியும். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று விளக்கத்தான் இந்த மடல்.

பெட்ரோல் எரிந்து தீரும், பிரேக் பேட் தேய்ந்து தீரும். ஸ்டீயரிங் ஆயிலும் ஏசி கேஸும் அப்படித் தீர்கிறவை அல்ல. மூடிய குழாய்களுக்குள் ஒரே ஆயிலும் ஒரே கேஸும்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகின்றன. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒரு வழியாக வெளியே போயிருக்கிறது. ஏசியில் மட்டும், ரப்பர் ஹோஸ் வழியாகவும் கேஸை அமுக்கித் தள்ளும் கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருடக்கணக்கில் மிக மெல்லக் கொஞ்சம் போவது இயல்பு. போன கோடையில் நிரப்பியது இந்தக் கோடைக்குள் காலி என்றால் அது இயல்பு அல்ல, கசிவு.

முதலில் ஸ்டீயரிங். இப்போது வரும் கார்களில் பெரும்பாலும் மோட்டாரில் இயங்கும் எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்தான். அதில் ஆயிலே கிடையாது. அந்த வண்டியில் ஸ்டீயரிங் கனமானால் பேட்டரி, வயரிங், சென்சார் என்று வேறு பக்கம் தேட வேண்டும். ஆயில் டப்பாவைத் தேடி பானெட்டைத் திறந்து ஏமாற வேண்டாம்.

ஆயில் உள்ள வண்டியில், பம்பிலிருந்து ரேக்குக்கு (முன் சக்கரங்களைத் திருப்பும் பாகம்) போகும் ஹோஸில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது 1000 பிஎஸ்ஐக்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் அழுத்தம் ஏறும். நேராக ஓட்டும்போது அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். அதனால் இந்த ஹோஸின் இரும்பு மூட்டில் வரும் கசிவு வண்டி சும்மா நிற்கும்போது கண்ணில் படாது. அந்த இடத்தையெல்லாம் கழுவித் துடைத்து உலர்த்திவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் பிடிபடும். தரையில் சொட்டும் இடத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆயில் குழாயோடு வழிந்து, ஓடும்போது காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, எங்கோ சொட்டும். நனைந்திருக்கும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது என்றுதான் நாங்கள் தேடுவோம்.

ரேக்கின் இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் பூட் இருக்கும். அதை விரலால் அமுக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். நல்ல பூட்டுக்குள் காற்றுதான் இருக்கும், லேசாக அமுங்கும். உள்ளே இருக்கும் சீல் போயிருந்தால் பூட் கனத்துத் தொங்கும், அமுக்கினால் ஆயில் அசைவது கைக்குத் தெரியும். கிளாம்பை நெகிழ்த்தினால் கொட்டும். வெளியே ஒரு சொட்டுகூட இல்லாமல், டப்பாவில் மட்டும் ஆயில் குறைந்துகொண்டே வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அப்புறம் ரேக்கைப் பிரித்து சீல் மாற்றுவது அல்லது ரேக்கையே மாற்றுவது என்ற பெரிய வேலைதான். ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன், திரும்பி வரும் ஹோஸையும் அதன் கிளாம்பையும் பார்த்தே ஆக வேண்டும். அதில் அழுத்தம் குறைவு, ரப்பர் இறுகி விடுவதால் முனையில் கசியும், சின்னச் செலவில் முடியும். அங்கே கசிந்த ஆயில் ரேக்கின் மேல் வழிந்திருப்பதைப் பார்த்து ரேக் போய்விட்டது என்று சொல்லிவிடுவது சுலபம். அந்தத் தவறு நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் கழுவித் துடைக்க இவ்வளவு நேரம் எடுக்கிறோம்.

திருப்பும்போது 'ங்ங்' என்று முனகும் சத்தம் வந்து, டப்பாவுக்குள் ஆயில் நுரைத்திருந்தால் காற்று நுழைகிறது என்று அர்த்தம். ஆயில் குறைந்தால் அப்படி ஆகும். ஆயில் சரியாக இருந்தும் நுரைத்தால், டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் வழியில் ஏதாவது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இறுகிப் போயிருக்கலாம். அங்கே பம்ப் உறிஞ்சுவதால் ஆயில் வெளியே வராமல் காற்று மட்டும் உள்ளே போகும். இது தெரியாமல் பம்பை மாற்றினால் சத்தம் அப்படியேதான் இருக்கும்.

எந்த ஆயில் என்பதும் முக்கியம். சில வண்டிகளுக்குச் சிவப்பு நிற ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கான ஆயில்), சிலவற்றுக்குப் பச்சை, சிலவற்றுக்கு அந்தக் கம்பெனி சொல்லும் ஆயில் மட்டும். டப்பா மூடியிலோ வண்டியோடு வந்த புத்தகத்திலோ போட்டிருக்கும். பிரேக் ஆயிலை ஒருபோதும் ஊற்றிவிடாதீர்கள், சீல்கள் எல்லாம் ஊதிப் போய்விடும். கசிவை நிறுத்தும் என்று பாட்டிலில் விற்பவையும் சீலை ஊத வைத்துத்தான் வேலை செய்கின்றன. ஹோஸில் விழுந்த வெடிப்புக்கு அவை உதவாது. நாங்கள் அவற்றைப் பயன்படுத்துவதில்லை.

தினமும் ஊற்றி ஊற்றி ஓட்டலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆயில் சூடான சைலன்ஸர் பைப்பில் தெறித்தால் தீப்பிடிக்கக்கூடும். பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கும். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் ஏசி கம்ப்ரஸரையும் சுற்றுகிறது. ஏசி போட்டதும் கிறீச்சென்று சத்தம், கூலிங்கும் குறைவு என்று வரும் வண்டியில் கோளாறு ஸ்டீயரிங் ஹோஸில் இருப்பது உண்டு. அதற்கு எவ்வளவு கேஸ் அடித்தாலும் பயன் இல்லை.

இனி ஏசி. "கூலிங் இல்லை" என்று மட்டும் சொல்லாமல், எப்போது இல்லை என்று சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடாகிறதா? கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியே விடும் பாகம்) ஃபேன் சுற்றவில்லை, அல்லது கண்டென்சர் தூசியால் அடைத்திருக்கிறது என்று முதலில் சந்தேகிப்போம். நன்றாகக் குளிர்ந்து, போகப் போகக் காற்றே வருவது குறைந்து, கொஞ்ச நேரம் அணைத்துப் போட்டால் சரியாகிறதா? கூலிங் காயிலில் ஐஸ் பிடிக்கிறது. காற்று ஆரம்பத்திலிருந்தே குறைவு என்றால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே விடை இருக்கும். ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாக வந்தால் டாஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பும் கதவையும் பார்க்க வேண்டும்.

கேஸ் அளவைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு மீட்டர் மாட்டி, "பிரஷர் இருக்கே, கேஸ் ஃபுல்லாதான் இருக்கு" என்பார்கள். பல கார் ஏசிகளில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் 30 டிகிரி வெப்பத்தில், உள்ளே திரவமாகக் கொஞ்சம் இருக்கும் வரை, ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ காட்டும். பாதி இருந்தாலும் அதே 97, முழுதாக இருந்தாலும் அதே 97. நிற்கும் வண்டியின் பிரஷர், கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. ஓட விட்டு, அழுத்தம் ஏறும் பக்கம், இறங்கும் பக்கம் என்று இரண்டு பக்கமும் பார்த்தால்தான் விஷயம் தெரியும். இரண்டும் குறைவு என்றால் பெரும்பாலும் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கேஸ் அதிகமாகியிருக்கலாம், கண்டென்சர் குளிரவில்லை, அல்லது உள்ளே காற்று கலந்திருக்கிறது. ஏறவேண்டிய பக்கம் ஏறாமலும் இறங்கவேண்டிய பக்கம் இறங்காமலும் இருந்தால் கம்ப்ரஸர் பலவீனம். ஆக, கேஸ் அதிகமானாலும் கூலிங் குறையும். கூலிங் இல்லை என்பதற்காக மேலே மேலே அடித்துக்கொண்டே போவது கம்ப்ரஸரைக் கெடுக்கும்.

கசிவைக் கண்டுபிடிக்க முதலில் மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்குடன் தூசி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்போம். கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் வெளியே வரும் என்பதால் அது நல்ல அடையாளம். பிடிபடாவிட்டால் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை வைத்துப் பார்ப்போம், அல்லது சாயம் விட்டு புற ஊதா விளக்கில் பார்ப்போம். சாயம் விட்டால் சில நாள் ஓட்டிவிட்டு நீங்கள் திரும்ப வர வேண்டியிருக்கும். சரி செய்த பிறகு குறைந்தது அரை மணி நேரம் வேக்யூம் போடுவோம், அதாவது உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்போம். உள்ளே ஈரம் தங்கினால் கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கும். கடைசியில் பானெட் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் அளவுக்கு எடை போட்டு கேஸ் ஏற்றுவோம். புதிய வண்டிகள் சிலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் கேஸ் இருக்கும். அதில் ஆர்-134ஏவைக் கலக்கவே கூடாது.

ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தெளிந்த தண்ணீர் சொட்டுவது நல்லதுதான், பயப்பட வேண்டாம். அது கீழே சொட்டாமல் முன் சீட்டின் கால்மிதியை நனைத்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்து இனிப்பான வாசனை வந்தால் அது ஏசியே அல்ல, ஹீட்டரிலிருந்து கூலண்ட் கசிகிறது. அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

வண்டியைக் கொண்டுவரும் முன் தயவுசெய்து எஞ்சின் பக்கத்தைக் கழுவாதீர்கள், டப்பாவை நிரப்பவும் செய்யாதீர்கள். ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே போயிருந்தால் மட்டும், சரியான ஆயிலை அந்தக் கோடு வரை ஊற்றி, எவ்வளவு ஊற்றினீர்கள் என்று சொல்லுங்கள். முந்தைய இரவு வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வைத்து, காலையில் அதையும் எடுத்து வாருங்கள். எந்தப் பக்கம் முன்பக்கம் என்று பேனாவால் குறித்திருந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் ஒர்க்‌ஷாப்