பேயை அல்ல, பேயைப் பிடிக்கும் பிள்ளைகளைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு நூல் பக்கத்தில் ஜோனதன் ஸ்ட்ரௌட் எழுதிய 'தி ஸ்க்ரீமிங் ஸ்டேர்கேஸ்' நாவலுக்கு ஐந்தாறு வரியில் ஒரு குறிப்பு வந்திருந்தது. பதின்பருவத்தினருக்கான பேய்க்கதை, இரவில் படிக்கக் கொடுக்க வேண்டாம் என்று அதில் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கையும் இருந்தது. அந்த எச்சரிக்கையால் நல்ல நாவல் ஒன்று பல வீடுகளுக்குள் போகாமல் நின்றுவிடக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

2013இல் வந்த இந்த நாவல், 'லாக்வுட் அண்ட் கோ' என்ற ஐந்து நூல் வரிசையின் முதல் நூல். களம் லண்டன். அங்கே ஐம்பது ஆண்டுகளாகப் பேய்கள் நிஜமாகவே நடமாடுகின்றன. தொட்டால் ஆள் காலி. தொட்ட இடம் விறைத்து, உடல் நீலம் பாரித்து வீங்கும். உடனே அட்ரினலின் ஊசி போட்டால்தான் பிழைக்கலாம். ஆனால் பேயைக் காணவும் கேட்கவும் தொட்டு உணரவும் சிறுவர்களால் மட்டுமே முடியும். வளர வளர அந்தத் திறன் மங்கிவிடும். ஆகவே பேய் ஒழிப்பு என்பது பிள்ளைகள் செய்யும் கூலி வேலை. கதை முழுக்க இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது. குறிப்பு எழுதியவர் பேயைப் பார்த்திருக்கிறார், வேலையைக் கவனிக்கவில்லை.

வேலை என்றால் எத்தனை நுணுக்கமான வேலை! பொழுது சாயும் முன்பே வீட்டுக்குள் போய்விட வேண்டும். அறை அறையாக நடந்து வெப்பமானியில் குளிரின் அளவைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எங்கே வெப்பம் சட்டென இறங்குகிறதோ, எங்கே காரணமில்லாத சோர்வும் துர்நாற்றமும் நெஞ்சை அடைக்கும் பயமும் சேர்ந்து வருகின்றனவோ, அங்கே கவனம் வைக்க வேண்டும். பிறகு இரும்பால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் நின்று காத்திருக்க வேண்டும். பேயை வெட்டி வீழ்த்துவது நோக்கமல்ல. அது எந்தப் பொருளைப் பற்றிக்கொண்டு வருகிறதோ, பெரும்பாலும் எலும்பு, சில வேளை ஒரு நகை, அந்த மூலப்பொருளைக் கண்டுபிடித்து வெள்ளி வலையால் மூடினால் அன்றைய வேலை முடிந்தது. மூடிய பொருளை கிளர்க்கன்வெல்லில் இருக்கும் உலைக்குக் கொண்டுபோய் எரிக்கிறார்கள்.

கருவிகளுக்கும் காரணம் உண்டு. இரும்புத் துகள் எடுத்துப் போக இலகு, தூவ எளிது. ஆனால் வலுவான பேய் சீறினால் அந்தக் காற்றிலேயே சிதறிவிடும். சங்கிலி கனம், தூக்கிச் செல்லச் சிரமம், அதே கனத்தால் அசையாமல் கிடக்கும். உப்புக் குண்டு பேயைக் கொஞ்ச நேரம் விலக்கிவைக்கும், அவ்வளவுதான். மெல்லிய வாளின் வேலை பேயை நெருங்கவிடாமல் தடுப்பது. கடைசி ஆயுதம் மெக்னீசியம் வெடி: கண்ணாடி மூடியிட்ட உலோகக் குப்பிக்குள் மெக்னீசியம், இரும்பு, உப்பு, வெடிமருந்து. அடைத்த அறைக்குள் அதை வீசினால் பேய் போகும், கூடவே வீடும் போகும்.

தொடக்க அத்தியாயங்களில் அதுதான் நடக்கிறது. 'லாக்வுட் அண்ட் கோ' என்பது மூன்று பிள்ளைகள் மட்டுமே உள்ள சின்னப் பேய் ஒழிப்பு நிறுவனம்: அதை நடத்தும் லாக்வுட், கதையைச் சொல்லும் லூசி, பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கும் ஜார்ஜ். லாக்வுட்டும் லூசியும் பேய் நடமாடும் ஷீன் சாலை வீட்டுக்கு அவசரமாகக் கிளம்புகிறார்கள். ஜார்ஜ் அந்த வீட்டின் பழைய கதையைத் தேடி முடிக்கும்வரை பொறுக்கவில்லை, சங்கிலியும் கொண்டுபோகவில்லை. துகள் வட்டம் தாங்காமல் போக, வெடியை வீச வேண்டியதாகிறது, வீடு தீப்பற்றுகிறது. இழப்பீடு 60,000 பவுண்டு. பிறகு வரும் சிக்கல் அத்தனைக்கும் வேர் இந்த இரண்டு கவனக்குறைவுகள்தாம். மந்திரக் கதைகளில் வழக்கமாக நாயகனைக் காப்பாற்ற கடைசி நேரத்தில் புது சக்தி ஒன்று முளைக்கும். இங்கே அப்படி எதுவும் முளைப்பதில்லை. செய்யாமல் விட்ட தயாரிப்புக்குப் பணமாகக் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. பதின்மூன்று வயது வாசகருக்கு இதைவிட மரியாதை தரும் கதை எது?

லூசியின் முன்கதை இன்னும் கனமானது. இங்கிலாந்தின் வடக்கே சிற்றூர் ஒன்றில் சின்ன வயதிலேயே உள்ளூர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்க்கப்பட்டவள் அவள். வைத்பர்ன் மில் என்ற இடத்தில், அவள் எச்சரித்தும் பெரியவரான மேற்பார்வையாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உடன் போன பிள்ளைகள் இறந்துபோகிறார்கள். பேயைக் காண முடியாதவருக்கு உத்தரவிடும் அதிகாரம், காண முடிந்தவளுக்குப் பேச்சு இல்லை.

இங்கிலாந்துக்கு இது கற்பனை மட்டுமல்ல. புகைபோக்கிக்குள் சிறுவர்களை ஏற்றிக் கரி சுரண்ட வைத்த நாடு அது. 1834, 1840, 1864 என்று சட்டத்தின்மேல் சட்டம் வந்தும், அமல்படுத்த ஆளில்லாததால் பிள்ளைகள் ஏறிக்கொண்டேதான் இருந்தார்கள். 1875இல் கேம்பிரிட்ஜ் அருகே மருத்துவமனை ஒன்றின் புகைபோக்கியில் சிக்கி ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் இறந்தான். அதே ஆண்டு ஷாஃப்ட்ஸ்பரி பிரபு கொண்டுவந்த சட்டம், புகைபோக்கி துடைப்பவர்கள் காவல்துறையிடம் உரிமம் வாங்க வேண்டும் என்றது. அதன் பிறகுதான் அந்தக் கொடுமை ஓய்ந்தது. 1833ஆம் ஆண்டு ஆலைச் சட்டம் ஒன்பது வயதுக்கு உட்பட்டவர்களை நெசவாலைகளில் சேர்க்கக் கூடாது என்றபோது, நாடு முழுமைக்கும் நியமித்த ஆய்வாளர்கள் 4 பேர். ஸ்ட்ரௌட் இவை எதையும் நாவலில் போதனையாகச் சொல்வதில்லை. ஆனால் இரவெல்லாம் தெருவில் நின்று பெரியவர்களின் சொத்துக்குக் காவல் காக்கும் ஏழைப் பிள்ளைகளின் காட்சி வரும்போது, 'மில்' என்ற சொல்லை அவர் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை என்பது புரிகிறது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் பிள்ளைகள் வேலை செய்ததைப் பற்றி எத்தனையோ செய்தி படித்த நம் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நகரமும் அப்படியே மாறியிருக்கிறது. இரவில் ஊரடங்கு. தெருவிளக்குகளின் கண்ணாடி மேல் மூடிகள். இடைவெளி விட்டுத் திறந்து மூடி வெள்ளொளி பாய்ச்சுகின்றன. வசதியானவர்கள் வீட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டுகிறார்கள், ஓடும் நீரைப் பேய் தாண்டாது என்பதால். இரும்பும் உப்பும் லாவண்டரும் பெரிய வியாபாரம். புளியமரத்தில் ஆணி அறைந்து பேயைக் கட்டுவதும், இரவில் கறிச்சோறு கொண்டுபோகும்போது கூடவே ஓர் இரும்புத் துண்டை வைப்பதும் நம் ஊரிலும் உண்டு. அதே நம்பிக்கை ஒரு நாட்டின் பொருளாதாரமே ஆனால் இரும்பு விற்பவர் யாராக இருப்பார் என்பது நாவலின் பிற்பகுதியில் முக்கியமாகிறது. இதற்கு மேல் சொன்னால் கதை கெட்டுவிடும்.

குறை இல்லாமல் இல்லை. ஜார்ஜின் உடல் பருமனையும் அழுக்குச் சட்டையையும் லூசி திரும்பத் திரும்பக் கிண்டல் செய்கிறாள். கதைசொல்லியின் குணம் அது என்று ஒதுக்க முடியவில்லை, ஏனென்றால் கதையும் அவள் பக்கமே சிரிக்கிறது. அந்த மூவரில் உண்மையைக் கண்டுபிடிப்பவன் ஜார்ஜ்தான். காணாமல்போன ஒரு பெண்ணின் செய்தியை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுப் பழைய நாளிதழ்களிலிருந்து தோண்டி எடுப்பவன் அவன்; ஒரு நாளிதழ் இதைக் கவனிக்காமல் விடலாமா? இன்னொன்று, பேய்கள் ஏன் வந்தன என்ற கேள்விக்கு முதல் நூலில் விடை இல்லை. 2017இல் வந்த ஐந்தாம் நூல் வரை காத்திருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ஷீன் சாலைச் சம்பவம் சூடாக இருக்கும்போதே கதை பின்னோக்கிப் போய் லூசியின் இளமைக்குள் நுழைகிறது. புத்தகத்தைக் கீழே வைத்துவிடத் தோன்றும் இடம் அதுவே. அங்கே அவசரப்படாமல் படித்தால் பிற்பாதி தானே இழுத்துக்கொள்ளும். சொல் புரியாமல் தடுமாறுபவர்கள் நூலின் இறுதியில் உள்ள அருஞ்சொல் விளக்கத்தை முதலிலேயே ஒருமுறை பார்த்துவிடலாம். அதில் கதையின் முடிச்சு எதுவும் அவிழாது. பன்னிரண்டு வயதுக்கு மேல் தாராளமாகக் கொடுக்கலாம். காதல் காட்சி, ஆபாசம் எதுவும் இல்லை. பயம் உண்டு, ஆனால் அந்தப் பயத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்ற செய்முறையும் அதே பக்கத்தில் இருக்கிறது.

தமிழில் பெயர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாவலில் வருபவர்கள் பேயைப் பேய் என்று சொல்லத் தயங்கி 'விசிட்டர்' என்கிறார்கள். அதை 'வருகையாளர்' என்று பெயர்த்தால் அலுவலக வாசனை அடிக்கும். பெயரைச் சொல்ல அஞ்சும் அதே தயக்கத்தில் பிறந்த சொல் நம்மிடம் இருக்கிறது: காத்துக் கருப்பு.

இப்படிக்கு,
நூலகர் ஒருவர்,
திருச்சி