கண்ணு, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இதப் படிச்சிடு

கண்ணு,

நேத்து போன்ல நீ பேசுன வேகத்துல எனக்கு நடுவுல ஒரு வார்த்தை பேச வழியில்ல, மண்ணள்ற மெஷின இழுக்க பழைய பிக்கப் ஒண்ணு பாத்தாச்சும்மா, பதினோராயிரம் பவுண்ட் இழுக்குமாம், சனிக்கிழமை அட்வான்ஸ்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு வச்சிட்ட. ராத்திரி பூரா அந்த பதினோராயிரம்தான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு. உங்கப்பா லாரி ஓட்டுனாரு, கணக்கு நோட்டு என் கையில இருந்துச்சு, டயர் பில்லு, லைனிங் பில்லு, கிளட்ச் பில்லு எல்லாம் என்கிட்டதான் வரும். எந்த ட்ரிப்புல லோடு ஜாஸ்தி ஏத்துனாருன்னு அவரு சொல்லவே வேணாம், அடுத்த மாச பில்லப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும். அதனால வண்டி ஓட்டத் தெரியாத அம்மா என்னத்த சொல்லப் போறான்னு நெனைக்காம முழுசா படி.

மொதல்ல அந்த பதினோராயிரம். அது விளம்பரத்துக்குப் போடற நம்பர், அந்த மாடல்லயே எந்த வண்டி அதிகம் இழுக்குமோ, அதாவது சரியான இன்ஜின், சரியான ஆக்ஸில், டோயிங் பேக்கேஜ்னு இழுக்கறதுக்குன்னே சேத்துக் குடுக்கற சாமான் எல்லாம் அமைஞ்ச வண்டி, அதோட நம்பர். நீ பாத்த வண்டி நாலு கதவு, ஃபோர் வீல் டிரைவ், சன்ரூஃப் வேற இருக்குன்னு சந்தோஷமா சொன்னியே, அது ஒவ்வொண்ணும் எடைதான், ஒவ்வொண்ணும் அந்த நம்பர்ல இருந்து கழியும். இந்த நம்பரை எப்படி எடுக்கணும்னு ஜே2807னு ஒரு பொது முறை இருக்கு, அதுல டிரைவர் ஒருத்தர், பக்கத்துல ஒருத்தர், ஆளுக்கு 150 பவுண்ட், அவ்வளவுதான் கணக்கு. மாப்பிள்ளை 150 பவுண்டா? நான் ஒண்ணும் சொல்லல.

இன்னொண்ணு, அந்த முறைய 2011 மாடல்ல டொயோட்டா மொதல்ல எடுத்துச்சு, மத்த பெரிய கம்பெனிங்க வந்து சேர 2015 வாக்குல ஆயிடுச்சு. அதுக்கு முந்தி அவங்கவங்க சோதிச்சு அவங்கவங்க போட்டுக்கிட்ட நம்பர்தான். நீங்க பழைய வண்டி பாக்கறதால இது முக்கியம், 2008 வண்டி நம்பரையும் 2018 வண்டி நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எது பெருசுன்னு பாக்காத. இப்ப உள்ள சோதனை கொஞ்சம் கடுசுதான், அரிசோனாவுல டேவிஸ் டேம் மேடுன்னு 11.4 மைல், கொளுத்தற வெயில்ல ஏசிய ஃபுல்லா வச்சுக்கிட்டு லோடோட ஏறணும், பின்னாடி ஒத்த டயர் வண்டின்னா 40 மைல் வேகத்துக்குக் கீழ இறங்கக் கூடாது. உங்கப்பா கேட்டிருந்தா ஏசியான்னு சிரிச்சிருப்பாரு.

சரி இப்ப உன் கணக்குக்கு வரேன். நீ வாங்கப் போற அந்த சின்ன மண்ணள்ற மெஷின் 6,500 பவுண்டுன்னு சொன்ன. அத ஏத்தற டிரெய்லர் சும்மாவே 2,500 இருக்கும். ஆக 9,000. பதினோராயிரத்துல ஒம்பதாயிரம் போனா ரெண்டாயிரம் மிச்சம்னுதான நெனச்ச? இப்ப டிரைவர் கதவைத் தொறந்து தூண்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரப் பாரு, டயர் காத்து எவ்வளவுன்னு போட்டிருக்குமே அதுலயே ஆளு சாமான் எல்லாம் சேத்து இவ்வளவு பவுண்டுக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு வரி இருக்கும். அதான் பேலோட். அது அந்த மாடலுக்குன்னு பொதுவா போட்டது இல்ல, அந்த ஒரு வண்டி ஃபேக்டரிய விட்டு வெளிய வரும்போது அதுல என்னென்ன இருந்துச்சோ அதுக்குக் கணக்கு போட்டு ஒட்டுனது. நாலு கதவு அரை டன் வண்டியில, அதாவது எஃப் 150 மாதிரி வண்டியில, 1,450, 1,500 இப்படித்தான் நெறைய இருக்கும்.

இந்த ஸ்டிக்கருக்கும் இழுக்கறதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்ப. டிரெய்லர் பின்னாடி சும்மா உருண்டு வர்றதில்ல, அதோட மூக்கு உன் வண்டி பின்னாடி இருக்கற ஹிட்ச், அதான் டிரெய்லர மாட்டற கொக்கி, அது மேல உக்காரும். மொத்த டிரெய்லர் எடையில 10ல இருந்து 15 சதவீதம் அந்த மூக்குல இருக்கணும், கொறஞ்சா டிரெய்லர் வால ஆட்ட ஆரம்பிச்சிடும். 9,000க்கு 1,100 பவுண்டுன்னு வச்சுக்க. நீங்க ரெண்டு பேரு 330. சங்கிலி, ஸ்பேனர், டீசல் கேன் 150. ஹிட்ச் 70. கூட்டிப் பாரு, 1,650. ஸ்டிக்கர்ல 1,450 இருந்தா 200 பவுண்ட் ஓவர்லோடு, இன்னும் நீ சாப்பாட்டுப் பை கூட எடுத்து வைக்கல. விளம்பரத்துல ரெண்டாயிரம் மிச்சம் காட்டுன வண்டி கதவு ஸ்டிக்கர்ல கடனாளி ஆயிடுச்சு பாத்தியா. நான் உன்கிட்ட சொல்ல வந்தது முக்கியமா இது ஒண்ணுதான், மத்ததெல்லாம் இதுக்குப் பின்னாடி வர்றது.

மாப்பிள்ளை உடனே பின் ஸ்பிரிங்குக்குக் காத்தடிக்கற ஏர் பேக் போட்டுக்கலாம், எக்ஸ்ட்ரா ஸ்பிரிங் பட்டை வச்சுக்கலாம்னு சொல்லுவாரு. உங்கப்பாவும் அதான் செஞ்சாரு, பட்டை ஏத்துனா வண்டி பின்னாடி உக்காராது, பாக்கறதுக்கு நிமிந்து நிக்கும், ஆனா ஆக்ஸில் அதே ஆக்ஸில், பேரிங் அதே பேரிங், பிரேக்கு அதே பிரேக்கு. நிமிந்து நின்ன வண்டிக்கு நான் கட்டுன பேரிங் பில்லு எனக்குத்தான் தெரியும். ஸ்டிக்கர் நம்பர் எதப் போட்டாலும் மாறாது. வெயிட் டிஸ்டிரிப்யூஷன் ஹிட்ச்னு ஒண்ணு இருக்கு, அது மூக்கு எடைய முன் ஆக்ஸிலுக்கும் டிரெய்லர் ஆக்ஸிலுக்கும் கொஞ்சம் பகுந்து தரும், ஸ்டியரிங் லேசாகாம இருக்கும், நல்ல சாமான்தான், வாங்கு, ஆனா அத வச்சு இந்த 200 பவுண்ட மறைக்கப் பாக்காத.

அப்ப எந்த வண்டி? முக்கா டன் பாரு. இந்த அரை டன், முக்கா டன், ஒரு டன்ங்கற பேருக்கெல்லாம் இப்ப ஒரு அர்த்தமும் இல்ல, பழைய காலத்துல வச்ச பேரு அப்படியே நின்னுடுச்சு, அரை டன்னுங்கறது எஃப் 150, 1500 வகையறா, முக்கா டன்னுங்கறது எஃப் 250, 2500 வகையறான்னு ஞாபகம் வச்சா போதும். பத்து வருஷம் பழைய முக்கா டன் பாக்க அழகா இருக்காது, சீட்டு கிழிஞ்சிருக்கும், ஸ்கிரீன் சின்னதா இருக்கும், பள்ளத்துல தூக்கிப் போடும். ஆனா கீழ இருக்கற ஆக்ஸில், பிரேக், பட்டை எல்லாம் இந்த வேலைக்குன்னே செஞ்சது. நீ பாத்து வச்சிருக்கற பளபளப்பு வண்டி விலைக்கு அது வந்துடும், மிச்சம் கூட நிக்கும், அந்த மிச்சத்த டயருக்கும் பிரேக்குக்கும் வை.

டீசலா பெட்ரோலான்னு நீ கேக்கவே இல்ல, டீசல்னு முடிவே பண்ணிட்ட போல. எனக்கு டீசல் மேல ஒரு பாசம் இருக்கு, அது போட்ட சோறுதான நாம தின்னது, இருந்தாலும் சொல்றேன், பெட்ரோல் பாரு. டீசல் இன்ஜின் எடை ஜாஸ்தி, அந்த எடையும் பேலோட்லதான் கழியும். 2007க்கு அப்பறம் வந்த டீசல்ல புகை வடிகட்டி இருக்கு, 2010 வாக்குல இருந்து யூரியா தண்ணி வேற ஊத்தணும், அந்த வடிகட்டி நல்லா சூடாகி தன்னத்தானே எரிச்சு சுத்தம் பண்ணிக்க நீண்ட ஓட்டம் வேணும். நீ சொல்றது என்ன, பதினஞ்சு இருபது மைல், எறக்கிட்டுத் திரும்பறது. அந்த ஓட்டத்துக்கு அது அடைச்சுக்கும். இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப் போச்சுன்னா உன் பட்ஜெட்டு அங்கயே முடிஞ்சுது. தினமும் மலைப் பக்கம் லோடோட ஏறி எறங்கறவங்களுக்கு டீசல்தான், டர்போ இருக்கறதால ஒசரத்துல மூச்சு வாங்காது, புகை போற வழிய மறிச்சு வேகத்தக் கொறைக்கற எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தா எறக்கத்துலயும் பிடிக்கும், அதெல்லாம் நெசம்தான். உனக்கு ஃபோர்டு 6.2, இல்ல ஜி.எம் 6.0 மாதிரி எளிமையான பெட்ரோல் வி8 போதும், குடிக்கும், நல்லாவே குடிக்கும், ஆனா ஏறக்கொறைய எந்த மெக்கானிக்குக்கும் கை வைக்கத் தெரியும்.

பின் ஆக்ஸில் ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த டிரைவ் ஷாஃப்ட் எத்தன சுத்து சுத்தணும்ங்கற கணக்கு, அதக் கேட்டு வாங்கு, ஒரே இன்ஜின் ஒரே வண்டியில 3.31 இருந்தா ஒரு நம்பர், 3.73 இருந்தா வேற நம்பர், 4.10ன்னா இன்னும் நல்லா இழுக்கும், காலியா போகும்போது பெட்ரோல் கொஞ்சம் கூடப் போகும். விக்கறவருக்கே தெரியலன்னா வி.ஐ.என்ங்கற வண்டியோட அடையாள நம்பர வச்சு டீலர்கிட்ட கேட்டா சொல்லிடுவாங்க.

இப்ப பாக்கப் போகும்போது. உங்கப்பா வாங்குன ரெண்டாவது லாரி ஞாபகம் இருக்கா, நீ அப்ப மூணாங்கிளாஸ். சேசிஸ் பூரா புதுசா கறுப்பு பெயின்ட் அடிச்சு பளிச்சுனு இருந்துச்சு, பாருடி எவ்வளவு நல்லா வச்சிருக்காங்கன்னு அவரு பூரிச்சுப் போனாரு. நாலாவது மாசம் லோடோட நடு ரோட்டுல சேசிஸ் விரிசல் விட்டு வண்டி மொனகிக்கிட்டு நின்னுடுச்சு, கீழ படுத்துப் பாத்தா அந்த பெயின்ட்டுக்கு அடியில பழைய வெல்டிங். அன்னைக்கு லோடை வேற வண்டிக்கு மாத்துன கூலி கூட நோட்டுல இருக்கு. அதனால புதுப் பெயின்ட் அடிச்ச சேசிஸப் பாத்தா சந்தேகப்படு, பழைய தூசியும் சேறும் இருந்தா அது நல்லது. குளிர்காலத்துல ரோட்டுல உப்பு போடற ஊர் வண்டின்னா சின்ன சுத்தியல் எடுத்துட்டுப் போய் சேசிஸத் தட்டிப் பாரு, கணீர்னு கேக்கணும், பொத்துனு கேட்டா திரும்பி வந்துடு. பின்னாடி தொட்டியில நடுவுல கூஸ்நெக்குன்னு பெரிய டிரெய்லர மாட்டற உருண்டைக்கு ஓட்டை போட்டிருந்தா அந்த வண்டி பெரிய லோடு இழுத்த வண்டி, வேண்டாங்கல, கியர்பாக்ஸ நல்லா பாக்கணும். டிப்ஸ்டிக் இருந்தா கியர் ஆயில வெள்ளைத் துணியில தொட்டு மோந்து பாரு, கருகுன வாசம் வந்தா விலை கொறச்சாலும் வேண்டாம். நல்லா ஓட்டிட்டு வந்து பாரு, ஆறிக் கெடக்கும்போது எல்லா கியர்பாக்ஸும் ஒழுங்காத்தான் மாறும்.

டயர் பக்கச் சுவர்ல டாட் (DOT)னு ஆரம்பிக்கற எழுத்துக்குக் கடைசியில நாலு நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. பட்டன் நல்லா இருக்கு அப்பறம் என்னன்னு மாப்பிள்ளை சொல்லுவாரு, டிரெய்லர் டயர் தேஞ்சு சாகறத விட நின்ன எடத்துலயே வயசாகி வெடிக்கறதுதான் ஜாஸ்தி. அஞ்சாறு வருஷம் தாண்டியிருந்தா மாத்தற காச விலையில கழிக்கச் சொல்லு.

பிரேக்குல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். டிரெய்லருக்குத் தனி எலக்ட்ரிக் பிரேக் இருக்கணும், அத வண்டிக்குள்ள இருந்து இயக்கற கன்ட்ரோலர் இருக்கணும், ஹிட்ச் கழண்டா தானா பிரேக் பிடிக்கற பிரேக்அவே ஸ்விட்ச் வேலை செய்யுதான்னு அதுல சொருகியிருக்கற பின் ஊசிய உருவிப் பாத்து சோதிக்கணும். நாலு டன் உன்ன பின்னாடி இருந்து தள்ளும்போது வண்டி பிரேக் மட்டும் தாங்காது கண்ணு. எறக்கத்துல லோடு இழுக்கறதுக்குன்னு இருக்கற டோ ஹால் மோட் போட்டு கியரக் கொறச்சு எறங்கு, பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா பாதியில காஞ்சு போய் மிதிச்சாலும் பிடிக்காது, அந்த லைனிங் கருகுன வாசத்தோட உங்கப்பா ஒரு தடவ வீட்டுக்கு வந்து ராத்திரி சாப்பிடாமலே படுத்தாரு. டிரெய்லர் ஆட ஆரம்பிச்சா ஆக்ஸிலேட்டர விட்டுட்டு ஸ்டியரிங்க நேரா பிடிச்சுக்கிட்டு கன்ட்ரோலர்ல டிரெய்லர் பிரேக்க மட்டும் லேசா குடு, வண்டி பிரேக்க மிதிக்காத, வேகத்தக் கூட்டி நேராக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காத.

ஹிட்ச் உருண்டை சைஸ் ரெண்டு இஞ்ச், ரெண்டே காலே வீசம் (2 5/16) இஞ்ச்னு இருக்கு, பாக்க ஒரே மாதிரிதான் தெரியும், டிரெய்லரோட பெரிய வாய்க்கு சின்ன உருண்டைய மாட்டுனா மாட்டிக்கும், ஒரு குழியில எகிறிடும். உருண்டை மேலயே சைஸும் எடையும் வெட்டியிருக்கும், படிச்சுட்டு மாட்டு. மெஷின டிரெய்லர்ல ஏத்தும்போது பாதிக்கு மேல எடை ஆக்ஸிலுக்கு முன்னாடி வரணும், அறுபது நாப்பதுன்னு வச்சுக்க.

லைசன்ஸ் பத்தி நீ கவலைப்பட்ட, உன் கணக்குக்கு வராதுன்னுதான் நெனைக்கறேன், வண்டி ரேட்டிங்கும் டிரெய்லர் ரேட்டிங்கும், அதாவது லோடோட இவ்வளவு எடை வரைக்கும் இருக்கலாம்னு கம்பெனி போட்ட நம்பர், ரெண்டும் சேந்து 26,001 பவுண்டு தொட்டு டிரெய்லர் மட்டும் 10,000 தாண்டுனாத்தான் அமெரிக்காவுல கமர்சியல் லைசன்ஸ். ஆனா தொழிலுக்கு ஓட்டற வண்டி, ரெண்டும் சேந்து 10,001 ஆயிட்டாலே வேற விதி வரும், மாநிலம் தாண்டுனா போக்குவரத்துத் துறை குடுக்கற டாட் நம்பர் எடுக்கணும், அத மட்டும் விசாரிச்சுக்க.

ஒண்ணு கேக்கறேன் கோவிச்சுக்காத. அந்த மெஷின மாசத்துக்கு எத்தன தடவ நகத்துவீங்க? ரெண்டு தடவைன்னா ஒரு டிரெய்லர்காரன வாடகைக்குக் கூப்பிட்டுட்டு நீங்க சின்ன வண்டியே வச்சுக்கலாம். வருஷக் கணக்க நோட்டுல எழுதிப் பாரு, எனக்கும் அனுப்பு.

சனிக்கிழமை அட்வான்ஸ் குடுக்க வேண்டாம், போய் கதவு ஸ்டிக்கர், டயர் நம்பர், வண்டிக்கு அடியில சேசிஸ் மூணையும் போட்டோ எடுத்து அனுப்பு. வாங்குனதுக்கு அப்பறம் மெஷின ஏத்திட்டு மொத வேலையா எடை மேடைக்குப் போய் ஒவ்வொரு ஆக்ஸிலா எடை போட்டு அந்தச் சீட்டையும் அனுப்பிடு. போட்டோவ மாப்பிள்ளைய எடுக்கச் சொல்லாத, போன தடவ மாதிரி பாதி நம்பர் மேல அவரு கட்டை வெரல்தான் இருக்கும்.

அம்மா